திடலிலும் கூட்டத்திலும் நம்மவர் எங்கே?

ஆலயத் திருப்பணி என்றால் நம் மக்கள் காட்டும் உற்சாகத்தைச் சொல்லி முடியாது. நன்கொடைப் புத்தகத்துடன் அடுக்குமாடியின் படியேறினால் ஐந்தாம் மாடிக்காரரும் கதவைத் திறந்து, தம்மால் இயன்ற ஐம்பது வெள்ளியை மனமுவந்து எழுதுகிறார். தைப்பூசம் வந்துவிட்டால் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்கள் ஒரு மாதம் தூக்கம் கெட்டு உழைக்கிறார்கள். மாநகர் மன்றத்தில் அனுமதி வாங்குவது, கூடாரம் போடுவது, தண்ணீருக்கும் விளக்குக்கும் வழி செய்வது, ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்துப் பரிமாறுவது, மறுநாள் குப்பையை அள்ளிச் சுத்தம் செய்வது ஆகிய அத்தனையும் அவர்களே செய்கிறார்கள். ஆள் பலமும் திறமையும் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதே அடுக்குமாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஆள் தேடுங்கள். அல்லது பக்கத்துத் திடலில் நடக்கும் காற்பந்துப் போட்டிக்கு ஏற்பாட்டுக் குழு அமைக்க நால்வரைக் கூப்பிட்டுப் பாருங்கள். “வேலை இருக்கிறது சார்”, “அதெல்லாம் நமக்கெதற்கு?” என்ற பதில்தான் வரும். இந்த நிலை எப்படி வந்தது, நமக்குத் திறந்தே இருக்கும் கதவுகள் எவை என்பதை இம்மலரின் வாயிலாக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அறுபது வயதைக் கடந்த நம்மில் பலருக்குத் தோட்ட வாழ்க்கை மறந்திருக்காது. லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மாலை நான்கு மணிக்கு மேல் திடலில் பந்து உருளும். பக்கத்துத் தோட்டத்துடன் ஆட்டம் என்றால் லோரி ஏறி ஊரே போகும். பொதுவாழ்வை யாரும் தேடிப் போகவில்லை. வாசலில் இறங்கினால் அதற்குள்தான் நின்றோம். 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, தோட்டந்தோறும் ஒரு செயற்குழு இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மட்டுமே படித்த ஒரு பால்மரத் தொழிலாளி, அதன் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதினார், கணக்கு வாசித்தார், நிர்வாகியின் முன் உட்கார்ந்து பேசினார். கூட்டம் நடத்தும் முறையை நம்மவர் கற்ற பள்ளிக்கூடம் அதுதான் என்பது என் கருத்து.

அந்தப் பயிற்சி எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நிற்கும் நிலை வந்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது சிறு தொகையன்று. ஆனாலும் கட்டினார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து விளக்கம் கேட்டுக் கட்டினார்கள்.

பிறகு தோட்டங்கள் கைமாறின. வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தோம். வரும்போது சாமியை எடுத்துக்கொண்டு வந்தோம். திடலை எடுத்துவர முடியவில்லை. சங்கத்துக் கூட்டத்தையும் எடுத்துவரவில்லை. புதிய இடத்திலும் திடல் உண்டு, மண்டபம் உண்டு, பள்ளி உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குழுவின் கையில் இருக்கிறது. அக்குழுக்கள் நம் வீடு தேடி வந்து கூப்பிடுவதில்லை. நாமாகப் போய் உட்கார்ந்தால்தான் உண்டு. தோட்டத்து வழக்கத்திலேயே இருந்துவிட்ட நம் தலைமுறை, இந்த ஒரு மாற்றத்தை இன்னும் முழுமையாக உணரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நாம் குடியிருக்கும் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, அடுக்குமாடி வீட்டை வாங்கிய ஒவ்வொருவரும் அதன் கூட்டு நிர்வாக அமைப்பில் உறுப்பினர். தனிப் பட்டா வந்த பிறகு அதுவே நிர்வாகக் கழகமாகிறது. மாதாமாதம் நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணமும், அதன்மேல் 10 விழுக்காடாகக் கட்டும் ஒதுக்கு நிதியும் இந்த அமைப்பின் கணக்கில்தான் சேர்கின்றன. மின்தூக்கி பழுது, தண்ணீர்த் தொட்டி, பாதுகாவலர், குப்பை, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் செயற்குழு.

இக்கூட்டத்துக்கு வாக்குரிமையுள்ள உரிமையாளர்களில் பாதிப் பேர் வரவேண்டும் என்பது விதி. வராவிட்டால்? அரை மணி நேரம் பொறுத்திருந்து, வந்திருப்பவர்களைக் கொண்டே கூட்டத்தை நடத்தலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அன்பர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். நானூறு வீடுகள் உள்ள கட்டடத்தில் இருபது பேர் வந்திருந்தால், அந்த இருபது பேர் கட்டணத்தை உயர்த்தலாம், நிர்வாக நிறுவனத்தை மாற்றலாம், விழாக் காலத்தில் தரைத்தள மண்டபத்தை யாருக்கு எப்படி விடுவது என்று விதி வகுக்கலாம். வராத முந்நூற்றெண்பது பேரும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே. மறுநாள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து “நம்மை யாரும் மதிப்பதில்லை” என்று பேசுவதால் தீர்மானம் மாறிவிடாது. பார்க்கப்போனால் அந்த இருபது பேரைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்தவர்கள்.

இன்னும் சில விவரங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். நாம் ஒரு தீர்மானத்தை முன்வைக்க விரும்பினால் கூட்டத்துக்கு 7 நாள் முன்பாவது எழுத்து மூலம் கொடுக்கலாம். வர இயலாதவர் பிரதிநிதியை நியமிக்கலாம். அந்தக் கடிதம் 48 மணி நேரம் முன்பே அலுவலகத்தில் சேர்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது: கூட்டத்துக்கு 7 நாள் முன் பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கு கிடையாது. நம்மவர் பலர் கூட்டத்துக்கு வந்தும் வாய்மூடி உட்கார்ந்திருப்பதற்கு இந்தப் பாக்கியே காரணம் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆலயத்துக்கு உபயம் எழுதுவதற்கு முன் அந்தப் பாக்கியைக் கட்டிவிடுங்கள் என்று சொன்னால் எங்கள் பொருளாளர் கோபித்துக்கொள்ளக் கூடும். இருந்தாலும் சொல்கிறேன்.

தரை வீடுகள் உள்ள தாமான்களில் குடியிருப்போர் சங்கமும் ருக்குன் தெத்தாங்காவும் இருக்கின்றன. ருக்குன் தெத்தாங்கா 1975இல் தொடங்கியபோது இரவுக் காவலுக்காக ஏற்பட்டது. வயது வந்த ஆண்கள் முறைவைத்துச் சுற்றிவர வேண்டியிருந்ததை மூத்தோர் நினைவுகூரலாம். இப்போது அது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. காவல் சுற்று விரும்பி வருவோருக்கு மட்டுமே. கோத்தோங் ரோயோங், விளையாட்டு நாள், பெருநாள் திறந்த இல்ல விருந்து எல்லாம் இதன் வழி நடக்கின்றன. ஒற்றுமைத் துறை நடத்தும் தபிகா பாலர் பள்ளிகளும் இதன் பகுதிகளில்தான் உள்ளன. சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் தாமானில் வேறு அதிகமில்லை.

அடுத்து நகராண்மைக் கழகம். ஒரு காலத்தில் இதற்குத் தேர்தல் இருந்தது. ஜார்ஜ்டவுனில் 1951 டிசம்பரிலேயே மக்கள் வாக்களித்தார்கள். 1957இல் அது மாநகரானபோது முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன். முன்பு ஸ்காட் ரோடு என்றிருந்த சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. தேர்தல் இல்லாததால் நமக்கு அங்கே வேலையில்லை என்று பலர் நினைத்துவிட்டார்கள். அதே சட்டத்தில், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்றும் இருக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க நமக்குத் தடையில்லை. எத்தனை பேர் போயிருக்கிறோம்?

நகராண்மைக் கழகத்தின் வேலைகளில் ஆலய அன்பர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது நிலத் திட்டம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ‘ரன்சாங்கான் தெம்பாத்தான்’ என்னும் வட்டாரத் திட்டம் வரைகிறார்கள். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது திடல், எது வழிபாட்டுத் தலம், எங்கே சாலை வரும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டப்பட்டிருக்கும். (கோலாலம்பூருக்கு மட்டும் இதற்குத் தனிச் சட்டம்.) முடிவு செய்வதற்கு முன் அந்த வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரில் விளக்க விரும்புகிறேன் என்று அதில் குறிப்பிட்டால், அதற்கென அமைக்கப்படும் குழு நம்மை அழைத்துக் கேட்க வேண்டும்.

தோட்டக் காலத்தில் எழும்பிய நம் ஆலயங்கள் பல, பட்டா இல்லாத நிலத்தில் நிற்பதை நாம் அறிவோம். நிலம் கைமாறிய பின் அறிவிப்புக் கடிதம் வரும்போதுதான் நாம் விழித்துக்கொள்கிறோம். உடனே பத்திரிகைச் செய்தி, கண்ணீர், கூட்டம், தலைவர்களைத் தேடி ஓட்டம். வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்பட்ட வாரங்களில் நம்மில் இருவர் போய், “இவ்விடத்தில் இத்தனை ஆண்டுகளாக ஆலயம் இருக்கிறது, வரைபடத்தில் காணவில்லை” என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஆலயம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று உறுதி கூற நான் வழக்கறிஞர் அல்லன். ஆனால் அரசாங்கக் கோப்பில் நம் ஆலயத்தின் பெயர் இருக்கும். பிற்பாடு பேசப் போகிறவர்களுக்கு அந்தத் தாள் கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. திடலுக்கும் இதே கதைதான். விளையாட்டுத் திடல் என்று வரைபடத்தில் இருந்த இடம் வேறாக மாறப்போகிறது என்றால், அதைத் தடுக்கும் முதல் வாய்ப்பு அந்த ஆட்சேபக் கடிதமே.

இப்படிக் கடிதம் எழுதியே ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியவர் எஸ்.எம். முகமது இதிரிஸ். தமிழ் முஸ்லிம் வணிகரான அவர், 1969இல் உருவான பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தலைமை தாங்கி, 2019இல் தமது 90 வயதுகளில் காலமாகும்வரை பொறுப்பில் இருந்தார். உணவுக் கலப்படம், ஆற்று மாசு, மீனவர் குறை, மலைச்சரிவில் வீடு கட்டுவது என அவர் எடுக்காத பிரச்சினை இல்லை. அவர் கருத்துகள் எல்லாமே எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேர்தலில் நின்று பதவி பெறாமலேயே ஒருவர் நாட்டின் பொதுவாழ்வில் எவ்வளவு தூரம் குரல் கொடுக்க முடியும் என்பதை அவர் காட்டிவிட்டார்.

இனி விளையாட்டு. இதைப் பற்றி ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மவரின் விளையாட்டுப் பெருமை சிறிதன்று. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் டாக்டர் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். அதே போட்டியில் மு. இராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதிவரை சென்ற ஜெகதீசன் அங்கே ஓடிய 20.92 வினாடி, 2017ஆம் ஆண்டுவரை தேசியச் சாதனையாக நீடித்தது. கோல் காவலர் ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்தது. ஜி. சாந்தி 1993இல் 100 மீட்டரை 11.50 வினாடியில் ஓடினார். அண்மையில் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி, 2022இல் சாலை விபத்தில் பலத்த காயமுற்றும், அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று திரும்பினார்.

இப்பெயர்களைச் சொல்லி மகிழ்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஜெகதீசனின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதி, அவர் ஓட்டத்தை நிறுத்திய பின் நடந்தது. விளையாட்டு மருத்துவத் துறையில் பல்லாண்டுகள் இருந்து அடுத்த தலைமுறை வீரர்களுக்காக உழைத்தார். ஓடி முடித்தவருக்கும் திடலில் வேலை இருக்கிறது. ஓடவே தெரியாதவருக்கும் இருக்கிறது.

ஒரு சிற்றூர்ப் போட்டிக்கு என்னென்ன தேவை என்று எண்ணிப் பாருங்கள். திடலுக்கு முன்பதிவு செய்து கட்டணம் கட்ட ஒருவர். சுண்ணாம்புக் கோடு போட இருவர். நேரம் குறிக்க, புள்ளி எழுத, பெயர்ப் பட்டியல் சரிபார்க்க மூவர். முதலுதவிப் பெட்டியுடன் ஒருவர். தண்ணீருக்கும் பழத்துக்கும் சிலர். ஆட்டக்காரர்களுக்கு மட்டுந்தான் வயது வரம்பு; மற்ற எந்த வேலைக்கும் இல்லை. நடுவர் பயிற்சி பெற்ற ஓர் ஓய்வு பெற்ற தபால்காரர் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறார். சனிக்கிழமை மாலை அவர் விசிலுடன் வந்தால்தான் பூப்பந்தும் காற்பந்தும் ஒழுங்காக நடக்கும். மூட்டுவலி வந்த பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து நடத்துகிறார். பிள்ளைகள் அவருக்குப் பயப்படுகிறார்கள், சண்டை வருவதில்லை.

பள்ளியில் இருந்த காலத்தில் நான் கவனித்தது ஒன்று உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் தடம் மாறிய பையன்களில் பெரும்பாலோர் கெட்டவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். மாலை ஐந்து மணிக்குப் போக ஓர் இடமும், வராவிட்டால் “ஏன்டா வரவில்லை?” என்று கேட்க ஒரு பெரியவரும் அவர்களுக்கு இல்லை. அந்த ஐந்து மணிக்கு அவர்களை அழைத்துக்கொள்ள வேறு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பையனைக் கும்பலுக்குப் பறிகொடுத்த பிறகு ஆலயத்தில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்ய வரும் தாயை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. திடலில் நிற்கும் அந்த ஒரு பெரியவர் இலவசமாகக் கொடுப்பது வாரத்துக்கு நான்கு மணி நேரம்.

இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து விளையாட்டுக் கழகம் அமைக்க விரும்பினால் அதைப் பதிவு செய்வது நல்லது. விளையாட்டையே நோக்கமாகக் கொண்ட கழகங்கள், 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சங்கப் பதிவிலாகாவுக்குப் போய் அலைய வேண்டியதில்லை. பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம், மானியம் கேட்கலாம், திடலை முறையாகப் பதிவு செய்யலாம். சிலம்பமும் கபடியும் ஆலய வளாகத்தில் மட்டும் நடக்காமல் பொதுத் திடலுக்கு வரும்போது பிற இனத்துப் பிள்ளைகளும் வந்து சேர்வதைக் காண்கிறோம்.

“நமக்கு மலாய் சரளமாக வராதே” என்று மூத்தோர் சிலர் தயங்குகிறார்கள். கூட்டத்தில் இலக்கணத் தேர்வு வைப்பதில்லை. சொல்ல வேண்டியதை எழுதி எடுத்துச் செல்லலாம். வீட்டில் உள்ள பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் அழகாகத் திருத்தித் தருவார்கள். அந்தச் சாக்கில் அவர்களுக்கும் கூட்டம் என்றால் என்னவென்று தெரியும். “அரசியல் வந்துவிடுமே” என்ற பயமும் நியாயமானதே. சில இடங்களில் வருகிறது. இரண்டு கூட்டத்தில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தால் யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வருவது பெரும்பாலும் தாய்மார்களே. செயலவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும்போது எழுந்து நிற்பதோ, அன்றைக்கு மட்டும் வந்த அப்பாக்கள். ஆலயங்களிலும் இதே வழக்கம் இருப்பதால் இதற்கு மேல் எழுதக் கூச்சமாயிருக்கிறது. அரசாங்க உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் மேலாளர் வாரியம் என்று ஒன்று தனியாக உண்டு. முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பள்ளியோடு இனி என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

வாக்குரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். அடையாளக் கார்டில் உள்ள முகவரியே கணக்கு. தோட்டத்து முகவரியையே இன்னும் கார்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தோட்டம் போய் இருபது ஆண்டு ஆகியிருக்கும். வீடு மாறினால் 30 நாளுக்குள் பதிவிலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் அதன்பின் தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும்; அது தானாக நடப்பதில்லை.

எங்கள் ஆலய அலுவலகத்துக்கு வெளியே உள்ள அறிவிப்புப் பலகையில், உபயப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். அடுக்குமாடிக் கூட்டம், பள்ளிக் கூட்டம், வட்டாரத் திட்ட அறிவிப்பு, திடலில் நடக்கும் போட்டி ஆகியவற்றின் நாளும் நேரமும் அதில் ஒட்டப்படும். உங்கள் தாமானில் அப்படி ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டால், அதன் நகல் ஒன்றை வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.